சி.வி. பத்தொன்பது

விளக்கு எரிகிறது.
ஹார்ன் பொத்தானை அழுத்தினால்
அடித்தொண்டையில் ஒரு செருமல்.
வேகக் குமிழைத் திருப்பும்போது மட்டும்
கல்லாய் நிற்கிறது
ஒரு சாண் நீள டீசல் எஞ்சின்.

காது கேட்கிறது. கால் கேட்கவில்லை.

செவ்வாய்பேட்டையில் இரவு பதினொன்றரை.
கீழே பட்டறையில் அடுப்பு அணைந்து
வெள்ளித்தூளைக் கூட்டி டப்பாவில் அடைத்தாயிற்று.
பகலெல்லாம் கொலுசுக் கண்ணிக்குப் பொடி வைத்து ஊதும் ஆள் நான்.
அதே கைக்கு இப்போது
தலைமயிர் பருமன் கம்பியில் வேலை.

பன்னிரண்டு சக்கரத்தையும்
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன்.
கண்மை போல அழுக்கு வந்தது. எஞ்சின் வரவில்லை.
தண்டவாளத்தில் மீட்டர் வைத்தேன், பதினான்கு வோல்ட், குறையில்லை.
மேல்கூட்டைக் கழற்றி
சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு, சாம்பல்
ஒவ்வொன்றாய்த் தொட்டு
எது எங்கே போகிறதென்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
மோட்டாரைத் தனியே ஒன்பது வோல்ட் பேட்டரியில் தொட்டால்
விர்ரென்று சுற்றுகிறது.

"ஏற்காட்டுக் காசு கோவிந்தாவா?"
கட்டிலில் இருந்து சௌடேஸ்வரி.
"கூப்பிட்டா லைட்டைப் போடும், எந்திரிச்சு வராது.
உங்க வீட்டு வழக்கம்தான்."

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
பிஸ்கட் டப்பாவுக்குள் பஸ்ஸில் வந்த எஞ்சின்.
விற்றவர் நாகலூர்ப் பக்கம், பெனடிக்ட் என்று பெயர்.
விலாசம் மூன்று என்று
துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்.
மூன்று சரிதான்.
மூன்று என்றால்தான் விளக்கே எரிகிறது.

கடைசியில் சோதனைத் தண்டவாளத்தில் ஏற்றி
உள்ளே எழுதி வைத்திருப்பதை
ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.
ஒவ்வொரு கேள்விக்கும்
மோட்டாரில் ஓர் இம்மித் துள்ளல்.
ஆமாம் என்று சொல்ல அதற்கு
வேறு வழி தெரியாது.

முதல் எண்: மூன்று.
இருபத்தொன்பது: பழுதில்லை.
பத்தொன்பது:
நூற்று நாற்பது.

அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

நூற்றிருபத்தெட்டைக் கழித்தால் பன்னிரண்டு.
பன்னிரண்டு ஜோடியின் எண்.
கழித்த நூற்றிருபத்தெட்டுக்கு அர்த்தம்,
நீ திரும்பி நில், முதுகோடு முதுகு.
இரண்டு எஞ்சினை ஒரே குரலில் ஓட்ட
யாரோ எப்போதோ எழுதியது.
அது அழியாதவரை
சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்
விளக்குதான் எரியும்,
சக்கரம் அந்தப் பன்னிரண்டுக்குக் காத்திருக்கும்.

பெனடிக்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்.
மனுஷன் தூங்கவில்லை.
'ஆமா சார், ரெண்டு இருந்துச்சு.
ஒண்ணைப் பையன் ஓசூருக்குக் கொண்டுபோயிட்டான்.
எழுதினதை அழிக்கணும்னு தோணலை, சாரி.'
கொஞ்சம் கழித்து இன்னொன்று:
'ஓடுதா?'

எங்கள் தொழிலில் ஒற்றைக் கொலுசுக்கு விலை இல்லை.
ஆணியில் தொங்கும், ஒரு மாதம் பார்ப்போம்,
ஜோடி வராவிட்டால் உருக்கிவிடுவோம்.
எத்தனை உருக்கியிருப்பேன், கணக்கு வைத்ததில்லை.

பூஜ்யம் எழுத ஐந்து நொடி போதும்.
எழுதவில்லை.
மேஜையைச் சுற்றும் தண்டவாளத்தில் வைத்து
பன்னிரண்டைத் தட்டி
முன்னே என்றேன்.

பின்னே போனது.
மெதுவாக,
தடுமாற்றம் இல்லாமல்,
முன்னால் யாரோ இழுத்துப் போவதுபோல
முதுகாலேயே தொடர்ந்தது.
தண்ணீர்ச் சொம்பைத் தாண்டி,
மீட்டரைத் தாண்டி,
கழற்றி வைத்த தன் மேல்கூட்டையும் தாண்டி.

"ஓடுதா?" இருட்டில் இருந்து அவள்.
"ஓடுது."
"அப்ப அணைச்சிட்டு வந்து படுங்க."
"இன்னும் ஒரு சுத்து."